எந்த மாஸ்டா எம்எக்ஸ்-5 கார்? ஆறு மாதம் அலைந்து நான் எடுத்த முடிவு

2009 பிப்ரவரி. இங்கிலாந்தில் ஷெஃபீல்டுக்குக் குடிவந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. பக்கத்து வீட்டில் எழுபதைத் தாண்டிய ஒரு பாட்டி தனியாக இருந்தார். அவர் வாசலில் சிவப்பு நிறத்தில் சின்னதாக ஒரு கார் நிற்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, புல்லில் உறைபனி வெள்ளையாக ஒட்டியிருந்த நேரத்தில், அவர் கம்பளித் தொப்பியைக் காது வரை இழுத்துவிட்டுக்கொண்டு அந்தக் காரின் கூரையைத் திறந்துகொண்டிருந்தார். முன் கண்ணாடிக்கு மேலே இருந்த இரண்டு கொக்கிகளை விடுவித்தார். பின்பக்கத்து பிளாஸ்டிக் ஜன்னலின் ஜிப்பைத் திறந்து, கீழே ஒரு துண்டை விரித்து, அதன் மேல் மெல்லப் படுக்க வைத்தார். குளிரில் பிளாஸ்டிக் விறைத்திருக்குமாம், அவசரப்பட்டால் கீறிவிடுமாம். பார்த்துக்கொண்டு நின்ற என்னிடம், "வருகிறாயா?" என்று கேட்டார்.

ஹேதர்சேஜ் போகும் சாலையில் கூட்டிப்போனார். கால்களில் ஹீட்டர் சூடு, தலைக்கு மேல் வெறும் வானம். அவர் கியர் மாற்றும்போது முழங்கை அசையவே இல்லை, மணிக்கட்டு மட்டும் ஒரு சின்ன அசைவு அசைந்தது. சர்ப்ரைஸ் வியூ என்று ஒரு வளைவு உண்டு. பாறைகளுக்கு நடுவே போய்க்கொண்டிருக்கும் சாலை அங்கே சட்டென்று திரும்பும், ஹோப் பள்ளத்தாக்கு முழுவதும் காலடியில் விரியும். அதே வளைவை எங்கள் காரில் பலமுறை கடந்திருக்கிறேன். அன்றுதான் அந்த இடத்தில் ஆட்டுப்புழுக்கை வாசனையும் ஈரமண் வாசனையும் இருப்பது தெரிந்தது.

அந்தக் கார் எம்எக்ஸ்-5, ஜப்பானின் மாஸ்டா நிறுவனம் செய்யும் திறந்த கார். எனக்கும் ஒன்று வேண்டும் என்ற ஆசை அன்று விழுந்தது. ஆனால் மகளுக்கு அப்போது நான்கு வயது, இரண்டே இருக்கை உள்ள காரில் மூன்று பேர் போக முடியாது. 2023 செப்டம்பரில் அவள் பல்கலைக்கழக விடுதிக்குப் போனாள். அடுத்த மாதமே தேட ஆரம்பித்தேன். கையில் 12,000 பவுண்டு.

கொஞ்சம் வரலாறு சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தேர்வு செய்யும்போது அது உதவும். 1979-இல் பாப் ஹால் என்ற அமெரிக்க மோட்டார் பத்திரிகையாளர் மாஸ்டாவின் கெனிச்சி யமமோட்டோவிடம், பழைய பிரிட்டிஷ் ரோட்ஸ்டர் போல எடை குறைந்த, விலை குறைந்த ஒரு திறந்த காரைச் செய்யுங்கள் என்றார். பத்து ஆண்டு கழித்து, 1989 பிப்ரவரியில் சிகாகோ கார் கண்காட்சியில் அது வெளிவந்தது. அமெரிக்காவில் மியாட்டா, ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர், இங்கே எம்எக்ஸ்-5. திட்டத்தை நடத்திய தோஷிஹிகோ ஹிராய் எல்லா முடிவுகளுக்கும் அளவுகோலாக வைத்தது 'ஜின்பா இத்தாய்' என்ற ஜப்பானியச் சொல்லை. குதிரையும் குதிரைமேல் இருப்பவரும் ஓருடலாக இருப்பது என்று பொருள். முன்னால் எஞ்சின், பின் சக்கரங்களுக்கு இழுவிசை, எடையை முன்னும் பின்னும் ஏறக்குறைய சரிபாதியாகப் பிரிப்பது. முப்பத்தைந்து ஆண்டுகளில் நான்கு தலைமுறை மாறியும் இந்த அடிப்படை மாறவில்லை. 2016 ஏப்ரலில் பத்து லட்சமாவது கார் வெளியே வந்தது.

அந்த நான்கு தலைமுறைகளையும் அவற்றின் குறியீட்டால்தான் எல்லோரும் அழைப்பார்கள்: 1989 முதல் என்ஏ, 1998 முதல் என்பி, 2005 முதல் என்சி, 2015 முதல் என்டி. எது சிறந்தது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும், ஒவ்வொன்றிலும் நியாயம் இருக்கும். முதல் இரண்டு மாதம் அந்தப் பதில்களுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தேன். அப்புறம் ஒரு காகிதத்தில் மூன்று விஷயங்களை எழுதினேன். என் உயரம் 5 அடி 2 அங்குலம். நான் ஓட்டும் சாலை, தினமும் மருத்துவமனைக்கு ஆறு மைல், ஞாயிறுகளில் ஷெஃபீல்டை ஒட்டிய பீக் மாவட்டத்து மலைச்சாலைகள். வண்டி இரவில் நிற்கும் இடம், கராஜ் கிடையாது, தெருவோரம் ஒரு பெரிய லிண்டன் மரத்தடி. இந்தக் காகிதம்தான் கடைசியில் காரைத் தேர்ந்தெடுத்தது. ஆனால் அதற்கு முன் ஆசை என்னை லிங்கன்ஷயர் வரை இழுத்துக்கொண்டு போனது.

ஆசை என்றால் என்ஏ. கண் திறப்பது போல மேலெழும் ஹெட்லைட் அந்தத் தலைமுறையில் மட்டும்தான். அதிலும் யூனோஸ் ரோட்ஸ்டர் வி-ஸ்பெஷல் என்று ஒரு வகை ஜப்பானில் விற்றார்கள். கரும்பச்சை வண்ணம், வெளிர்பழுப்புத் தோல் இருக்கை, நார்டி மரத்தாலான ஸ்டியரிங், கியர் தலையும் மரம். ஜப்பானிலும் வலப்பக்க ஸ்டியரிங் என்பதால் அங்கிருந்து நிறைய யூனோஸ்கள் இங்கே இறக்குமதியாயின. 1992-ஆம் ஆண்டு வண்டி ஒன்று விற்பனைக்கு இருப்பதைப் பார்த்தேன். படத்தைப் பார்த்த நிமிடமே மனதுக்குள் வாங்கிவிட்டேன். நவம்பர் தூறலில் ஒன்றேகால் மணி நேரம் ஓட்டிப் போனோம், நானும் கணவரும்.

விற்றவர் ஓய்வுபெற்ற மனிதர். வண்டியைத் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தார். எஞ்சின் முதல் அரை நிமிடம் 'டிக் டிக்' என்று சத்தம் போட்டு அடங்கியது. 1.6 லிட்டர் எஞ்சினில் அது சகஜம், எண்ணெய் மேலேறும்வரை வால்வு லிஃப்டர்கள் தட்டும், அதற்குப் பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது துரு. வீட்டு ஃப்ரிட்ஜில் தஞ்சைப் பெரிய கோயில் படம் போட்ட காந்தம் ஒன்று ஒட்டியிருக்கும், அதைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுபோயிருந்தேன். கைக்குட்டை எதற்கென்றால் பெயிண்டில் கீறல் விழக்கூடாது. கதவுக்கு அடியில் முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம் வரை ஓடும் இரும்புப் பெட்டிச்சட்டத்தை இங்கே 'சில்' என்பார்கள். அதன் முன்முனையில் காந்தத்தை வைத்தேன், டக்கென்று பிடித்தது. நடுவில் வைத்தேன், பிடித்தது. பின் சக்கரத்துக்கு ஒரு சாண் முன்னால் வைத்தேன். கையை விட்டதும் நழுவித் தரையில் விழுந்தது. மறுபடி வைத்தேன், மறுபடி விழுந்தது. பெயிண்ட் வழவழப்பாக, அழகாக இருந்தது. அதற்கு அடியில் இரும்பு இல்லை, பூச்சு மட்டும்தான் இருந்தது.

கணவர் இருக்கைக்குப் பின்னால் இருந்த தரைவிரிப்பை அழுத்திப் பார்த்தார். விரல் நனைந்தது. நனைந்த சாக்கு வாசனை.

இது எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்வது முக்கியம், ஏனென்றால் எம்எக்ஸ்-5 தலைமுறை எதுவானாலும் கூரைக்குள் ஒரே மாதிரிதான் தண்ணீர் ஓடுகிறது. துணிக்கூரையில் விழும் மழை பின்னால் வழிந்து, இருக்கைகளுக்குப் பின்னால் உள்ள ஒரு ஓடையில் விழும். அந்த ஓடையின் இரண்டு ஓரத்திலும் வடிகால் துளை. அங்கிருந்து குழாய் வழியாகக் கீழே இறங்கி வெளியேற வேண்டும். இலைத்தூளும் தூசியும் சேர்ந்து அந்தத் துளையை அடைத்தால், தண்ணீர் வேறு வழி தேடும். தரைவிரிப்புக்குள் போகும், சில்லுக்குள் போகும். வெளியிலிருந்து குளிர்கால உப்பு, உள்ளிருந்து தேங்கிய தண்ணீர். சட்டம் உள்ளேயிருந்து அரிக்கும், வெளியே தெரியும்போது பாதி போயிருக்கும். அந்த இடம் சீட் பெல்ட் பொருத்திய இடத்துக்குப் பக்கம். சீட் பெல்ட் பொருத்திய இடத்திலிருந்து 30 செ.மீ.க்குள் சட்டம் வலுவிழக்கும் அளவுக்குத் துரு இருந்தால் எம்ஓடி என்ற வருடாந்திர சோதனையில் வண்டி தேறாது.

வீட்டுக்கு வந்த பிறகுதான் அந்த வண்டியின் எம்ஓடி வரலாற்றைப் பார்த்தேன். போவதற்கு முன்பே பார்த்திருக்க வேண்டும். அரசாங்க இணையதளத்தில் பதிவெண்ணைப் போட்டால் போதும், காசு கிடையாது. ஒவ்வொரு வருடமும் எத்தனை மைல், எதில் தோற்றது, எதை எச்சரித்தார்கள் என்று எல்லாம் வரும். இந்த வண்டிக்கு மூன்று வருடம் முன்பு 'சில் பகுதியில் அரிப்பு' என்று எச்சரிக்கை. அடுத்த வருடம் அந்த வரியே இல்லை. வெல்டிங் செய்ததற்கு ரசீதும் இல்லை. எச்சரிக்கை வந்து, ரசீது இல்லாமல் மறைந்தால் யாரோ மேலே பூசிவிட்டார்கள் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பெரியவர் ஏமாற்றினார் என்று நான் நினைக்கவில்லை. அவரும் முந்தைய வருடம்தான் வாங்கியிருந்தார், காந்தம் விழுந்தபோது அவர் முகம் வாடியதைப் பார்த்தேன். எங்கள் மெக்கானிக்கிடம் கேட்டதில் இரண்டு பக்கமும் வெட்டி வெல்டிங் செய்ய 1,800 பவுண்டு ஆகும், வெட்டிப் பார்த்தால் இன்னும் கூடலாம் என்றார்.

நல்ல என்ஏ இல்லாமல் இல்லை. ஆனால் முப்பது வருடத்து வண்டிக்கு உலர்ந்த கராஜ் வேண்டும், அதற்கென்று நேரம் வேண்டும், குளிர்காலத்தில் எடுக்காமல் இருக்க இன்னொரு கார் வேண்டும். என் காகிதத்தில் இருந்தது தெருவோர மரத்தடி. வி-ஸ்பெஷலை அங்கே நிறுத்துவது அந்த வண்டிக்குச் செய்யும் துரோகம். கராஜ் உள்ளவர்களுக்கு நான் இன்றும் என்ஏ-வைத்தான் சொல்வேன்.

என்பி-யை நேரில் போய்ப் பார்க்கவில்லை. ஹெட்லைட் மேலெழாது, ஆனால் பின் ஜன்னல் கண்ணாடியானது, அதில் பனி நீக்கும் சூட்டுக்கம்பியும் உண்டு, விலையும் குறைவு. இங்கே அதன் சிக்கல் முன்பக்கத்துச் சேஸிஸ் சட்டம். 2001-க்குப் பிந்தைய வண்டிகளில் அந்தச் சட்டத்துக்கு இரட்டைத் தகடு போட்டு வலுவாக்கினார்கள். அந்த இரண்டு தகட்டுக்கும் நடுவே ஈரம் தங்கி அரிக்கிறது. வெளியிலிருந்து காந்தம் வைத்தாலும் தெரியாது. லிஃப்டில் ஏற்றி, தெரிந்தவர் ஒருவர் தட்டிப் பார்த்தால்தான் உண்டு.

என்சி-யை ஓட்டிப் பார்த்தோம், 2010-ஆம் ஆண்டு 2.0 லிட்டர் வண்டி, மடங்கும் கடினக்கூரையுடன். இந்தக் கூரை ஒரு பொறியியல் அழகு. பொத்தானை அழுத்தினால் சுமார் 12 விநாடியில் இருக்கைகளுக்குப் பின்னால் போய் மடங்கிக்கொள்ளும், டிக்கி இடத்தில் ஓர் அங்குலம்கூடத் தொடாது. என் கணவர் உயரம் 6 அடி 1 அங்குலம். அவர் உள்ளே உட்கார்ந்து, கதவைச் சாத்தி, முழங்காலை அசைத்துப் பார்த்துவிட்டு, "இதை எடுத்துடேன், எனக்கும் இடம் இருக்கு" என்றார். உண்மைதான். உயரமானவர்களுக்கும், ஒரே காரை வருடம் முழுவதும் ஓட்டுகிறவர்களுக்கும் கடினக்கூரை என்சி மாதிரி வசதி வேறில்லை. இந்தத் தலைமுறையை 'பருத்துவிட்டது' என்று ஒதுக்குகிறார்கள், அதனால் விலையும் இறங்கிக் கிடக்கிறது. அந்த ஒதுக்கல் நியாயமற்றது என்பது என் கருத்து. 2009-க்குப் பிந்தைய 2.0 வண்டிகளில் எஞ்சினுக்குள் சுழலும் கிராங்க்கையும் கனெக்டிங் ராடையும் அடித்து வார்க்கும் வலுவான ஃபோர்ஜிங் முறைக்கு மாற்றி, 7,500 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) வரை சுற்றவிட்டார்கள், கேட்கவே இதமான எஞ்சின். வாங்குகிறவர்கள் ஆயில் குச்சியை இழுத்து எண்ணெய் அளவைப் பாருங்கள், பின் பிரேக் காலிப்பர் இறுகியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

எனக்கு அது ஒத்துவராததற்குக் காரணம் உயரம்தான். இருக்கையை முன்னால் தள்ளி, அடியில் மெத்தை போட்டும், அந்தக் காரில் நான் ஒரு தொட்டிக்குள் உட்கார்ந்திருப்பது போல இருந்தது. கதவின் விளிம்பு தோளுக்கு வந்தது. கூரை திறந்திருந்தும் வயலும் கல்வேலியும் கண்ணில் படவில்லை, வானம் மட்டும்தான் தெரிந்தது. படங்களிலோ காணொளிகளிலோ இது தெரியவே தெரியாது. உட்கார்ந்து பார்த்தால்தான் உண்டு. உட்காரும்போது ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள்: கிளட்சை முழுவதும் மிதித்த நிலையில் முதுகு இருக்கையில் ஒட்டியிருக்கட்டும், கையை நீட்டி மணிக்கட்டை ஸ்டியரிங்கின் உச்சியில் வையுங்கள். தோள் இருக்கையை விட்டு எழும்பாமல் மணிக்கட்டு எட்டினால் சரி.

கடைசியாக என்டி. அதிலும் இரண்டு உடல், இரண்டு எஞ்சின். துணிக்கூரை ரோட்ஸ்டர் ஒன்று, மின்சாரத்தில் மடங்கும் கடினக்கூரையுடைய ஆர்எஃப் ஒன்று. எஞ்சின் 1.5 அல்லது 2.0. நான் கணக்குப் போட்டு வைத்திருந்தது 2.0 ஆர்எஃப். தோற்றத்தில் அதற்கு இணை கிடையாது, பின்பக்கம் சரிந்து இறங்கும் அந்தத் தோள்கள். குளிருக்கும் பாதுகாப்பு, தெருவில் நிறுத்தினால் யாரும் கத்தியால் கூரையைக் கிழிக்க முடியாது. அறிவுக்கு எல்லாம் பொருந்தியது.

பிப்ரவரியில் ஒரு டீலரிடம் ஆர்எஃப் ஓட்டினேன். மூடியிருக்கும்போது சொகுசு. திறந்ததும் ஏமாற்றம். மடங்குவது தலைக்கு மேலே உள்ள பகுதியும் பின் கண்ணாடியும்தான், பின்னால் இரண்டு தூண்கள் அப்படியே நிற்கும். வேகம் கூடக்கூட அந்தத் தூண்களின் ஓரத்தில் காற்று சுழன்று காதுக்குப் பக்கத்தில் இரைந்தது. வலத் தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்தால் தூண்தான் தெரிந்தது. கூரையைத் திறக்கவோ மூடவோ வேண்டுமென்றால் வேகம் 10 கிலோமீட்டருக்குக் கீழே இருக்க வேண்டும், சுமார் 13 விநாடி காத்திருக்க வேண்டும். திறந்த காரில் போகிறேன் என்ற உணர்வு வரவில்லை. பெரிய சன்ரூஃப் உள்ள அழகான கூப்பே அது, அதைத் தேடுகிறவர்களுக்கு மிகப் பொருத்தம். எனக்கு 2009-இல் பட்ட அந்த மண்வாசனை உள்ளே வர வழியில்லை.

அதே இடத்தில் 1.5 துணிக்கூரை ஒன்று நின்றது. வந்ததுதான் வந்தோம், இதையும் ஓட்டிவிடுவோம் என்றுதான் சாவி வாங்கினேன்.

நடுவில் ஒரே கொக்கி. அதைத் திருகி விடுவித்ததும் ஜன்னல் கண்ணாடிகள் தாமாகக் கொஞ்சம் இறங்கின. வலக்கையால் கூரையைத் தூக்கிப் பின்னால் தள்ளினேன், 'டக்' என்று பூட்டிக்கொண்டது. இருக்கையை விட்டு எழவில்லை, சிவப்பு விளக்கு பச்சையாகும் முன் முடிந்துவிட்டது. மூடுவதற்குத்தான் பழக வேண்டும். தோளுக்குப் பின்னால் கையை விட்டு இழுக்க வேண்டும், என் உயரத்துக்கு முதலில் கஷ்டமாக இருந்தது, உடம்பைக் கொஞ்சம் திருப்பி இழுத்தால் சுலபம் என்று மூன்றாம் முறை பிடிபட்டது. தோள் வலி உள்ளவர்கள் இதை வாங்குவதற்கு முன் ஐந்தாறு முறை செய்து பாருங்கள். மழையில் சாலையோரம் நின்று கற்றுக்கொள்ளும் விஷயம் இல்லை.

எஞ்சினைப் பற்றி எண்கள் சொல்கிறேன். 1.5-க்கு 131 குதிரைசக்தி, 2.0-க்கு ஆரம்பத்தில் 160, 2018-க்குப் பிறகு 184. பூஜ்யத்திலிருந்து மணிக்கு 62 மைல் தொட 1.5-க்கு 8.3 விநாடி, 160 குதிரைசக்தி 2.0-க்கு 7.3. எண்ணைப் பார்த்தால் 2.0 வாங்காமல் இருக்கக் காரணமே இல்லை. ஆனால் இங்கே நடுவே தடுப்பில்லாத இருவழிச் சாலையில் உச்சவரம்பு மணிக்கு 60 மைல். 2.0-இல் ஒரு வளைவிலிருந்து வெளியே வந்து காலை வைத்தால், அந்த இழுப்பை ரசிப்பதற்குள் 60 வந்துவிடுகிறது, காலை எடுக்க வேண்டியதுதான். 1.5 அப்படி இல்லை. அதன் முழுச் சக்தி 7,000 ஆர்பிஎம்மில்தான் இருக்கிறது. இரண்டாம் கியரில் 7,500 வரை விட்டால் அப்போதுதான் 60-ஐ ஒட்டி வருகிறது. 4,000-இல் சாதாரணமாக இருந்த குரல் 5,500-இல் இறுகி, 7,000-இல் தையல் மெஷினை முழு வேகத்தில் ஓட்டுவது போல ஒரே சீராகப் பாடும். எஞ்சினில் உள்ள கடைசிச் சொட்டு வரை எடுத்துவிட்டேன், சட்டத்தையும் மீறவில்லை. ஞாயிறுதோறும் ஸ்னேக் பாஸ் மலைச்சாலையில் இதைச் செய்ய முடியும் என்றால் இன்னும் ஒரு விநாடி வேகம் எனக்கு எதற்கு?

சஸ்பென்ஷனும் எனக்குச் சாதகமாகவே அமைந்தது. 2.0-க்கு எல்எஸ்டி உண்டு (ஒரு பின் சக்கரம் மட்டும் வழுக்கிச் சுழலாமல் தடுக்கும் அமைப்பு), அதன் ஸ்போர்ட் வகையில் விறைப்பான பில்ஸ்டீன் ஷாக் அப்சார்பர், 17 அங்குலச் சக்கரம். பந்தயத் தளத்துக்கு எடுத்துப்போகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு அதை எடுக்கலாம். 1.5-க்கு 16 அங்குலம், உயரமான டயர், மெத்தென்ற ஸ்பிரிங். வளைவில் உடம்பு கொஞ்சம் சாயும். அந்தச் சாய்வுதான் டயர் எவ்வளவு பிடித்திருக்கிறது என்று முதுகுக்குச் சொல்கிறது. பீக் மாவட்டத்துப் பள்ளம் விழுந்த சாலைகளில் விறைப்பான கார் துள்ளும், இது விழுந்து எழுந்து போகும்.

2018-இல் வந்த மாற்றத்தில் ஸ்டியரிங்கை முன்னும் பின்னும் நகர்த்தும் வசதியும் வந்தது. என் கணவர் ஓட்டுவதாக இருந்தால் அந்த வருடத்துக்குப் பிந்தைய வண்டிதான் வாங்கியிருக்க வேண்டும், பழையதில் அவர் கைக்கு ஸ்டியரிங் தூரம். எனக்கு மணிக்கட்டுச் சோதனையிலேயே சரியாக இருந்தது. "ஓட்டப்போறது நீதானே, உனக்குப் பொருந்துறதை எடு" என்று அவரே சொல்லிவிட்டார். இதில் மட்டும் சில ஆயிரம் பவுண்டு மிச்சம்.

மார்ச்சில் வாங்கினேன். 2016 இறுதியில் பதிவான 1.5 ஸ்போர்ட், 41,000 மைல், 10,900 பவுண்டு. ஸ்போர்ட் வகை எடுத்ததற்கு ஒரே காரணம் சூடாகும் இருக்கை. கேட்கும்போது ஆடம்பரமாகத் தெரியும், ஆனால் திறந்த காரை ஜனவரியிலும் திறந்து ஓட்ட வைப்பது அதுதான். பதிவான மாதத்தையும் பார்த்தே எடுத்தேன். 2017 ஏப்ரலுக்கு முன் பதிவான கார்களுக்கு இங்கே சாலைவரி கரியமில வாயு அளவின்படி. கிலோமீட்டருக்கு 1.5 எஞ்சின் விடுவது 139 கிராம், 2.0 எஞ்சின் விடுவது 161 கிராம். ஒவ்வொரு வருடமும் கையில் நிற்கும் வித்தியாசம் அது. காப்பீட்டுக்கும் முன்பணம் கட்டுவதற்கு முன்பே விலை கேட்டுவிட்டேன். தெருவில் நிற்கும் துணிக்கூரைக் கார் என்றால் ஒவ்வொரு நிறுவனமும் வேறுவேறு தொகை சொல்கிறது, நான் கேட்டதில் அதிகபட்சம் குறைந்தபட்சத்தைப் போல இரண்டு மடங்கு இருந்தது.

வாங்கும் முன் காந்தத்தை இதிலும் வைத்துப் பார்த்தேன். இருக்கைக்குப் பின்னால் தரைவிரிப்பை அழுத்தினேன், உலர்ந்திருந்தது. நான்கு டயரும் ஒரே கம்பெனியா என்று பார்த்தேன். எடை குறைந்த இந்த வண்டியில் டயர் மாறினால் குணமே மாறிவிடும். குளிர்ந்த எஞ்சினில் இரண்டாம் கியர் முதல் சில நிமிடம் கொஞ்சம் முரண்டு பிடிக்கும், அது இந்தக் காரின் இயல்பு. சூடான பிறகும் முரண்டு பிடித்தாலோ, கியரில் சிணுங்கும் சத்தம் வந்தாலோ விலகிவிட வேண்டும், ஆரம்பகால என்டி-களில் சில கியர்பாக்ஸ்கள் பழுதாகி, பின்னர் உள்பாகங்களை மாற்றினார்கள். வண்டி மேல் கடன் பாக்கி இருக்கிறதா என்ற சோதனைக்குக் காசு செலவாகும், அதைச் செய்யாமல் யாரும் வாங்க வேண்டாம்.

வந்த பிறகு தெரிந்தவை சில. முன்னால் கையுறைப் பெட்டி கிடையாது, இரண்டு இருக்கைக்கும் நடுவே பின்னால் ஒரு சிறு பெட்டிதான். உபரிச் சக்கரம் கிடையாது, பஞ்சரானால் பசை மருந்தும் காற்றடிக்கும் கருவியும்தான். டிக்கி 130 லிட்டர், கடினமான சூட்கேஸ் வேண்டாம், துணிப் பைகளாக எடுத்துக்கொண்டால் இரண்டு பேருக்கு மூன்று நாள் போதும். இருபது கிலோ பொன்னி அரிசி மூட்டையைப் பக்கத்து இருக்கையில் வைத்து சீட் பெல்ட் போட்டுத்தான் கூட்டி வருகிறேன். மகள் விடுமுறைக்கு வந்தால் அந்த இருக்கை அவளுக்கு. "அம்மா, மூணாவதுலயே விடும்மா, அந்தச் சத்தம் கேக்கணும்" என்பாள்.

லிண்டன் மரத்துக்கு வருகிறேன். கோடையில் அதில் அசுவினிப்பூச்சி அடையும், கூரையெல்லாம் பிசுபிசுவென்று தேன் போல ஒட்டும். வெதுவெதுப்பான தண்ணீரும் மென்மையான பிரஷ்ஷும் போதும், பிரஷர் வாஷர் துணிக்கு ஆகாது. வருடத்துக்கு ஒருமுறை கூரைத்துணிக்கான நீர்விலக்கித் திரவம் பூசுகிறேன். இலையுதிர் காலத்தில் வேலை கூடும். அக்டோபர், நவம்பரில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கூரையைப் பாதி தூக்கி நிறுத்தி, இருக்கைக்குப் பின்னால் இரண்டு ஓரத்திலும் உள்ள வடிகாலைப் பார்க்கிறேன். புல்வெட்டியில் போடும் நைலான் நூல் ஒரு முழம், அதன் முனையை நெருப்பில் காட்டி மழுங்கலாக்கி வைத்திருக்கிறேன். கம்பி விடக்கூடாது, காற்றழுத்தமும் கூடாது, உள்ளே இருக்கும் குழாய் கழன்றால் தண்ணீர் நேராகத் தரைவிரிப்புக்குத்தான் வரும். போன ஞாயிறு இடப்பக்கத் துளையிலிருந்து கருப்பாக, தேயிலைச் சக்கை மாதிரி ஒரு கைப்பிடி வந்தது. அப்புறம் சமையலறைச் சொம்பில் தண்ணீர் எடுத்து ஒவ்வொரு பக்கமும் மெல்ல ஊற்றிவிட்டு, குனிந்து காருக்கு அடியில் பார்த்தேன். முதலில் கலங்கலாக, பிறகு தெளிவாக, இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.